மேடையில் கேசினோ காட்சி: முதல்முறை போடுகிறவர்களுக்கு

நாடகத்தில் ஒரு சூதாட்டக் காட்சி வருகிறது என்று தெரிந்ததும் குழுவில் யாராவது ஒருவர் பச்சைத் துணி எத்தனை மீட்டர் வாங்கலாம் என்று ஆரம்பித்துவிடுவார். இன்னொருவர் ரூலட் சக்கரம் (பந்து சுற்றிவந்து எண் போட்ட குழியில் விழுகிற சூதாட்டச் சக்கரம்) வாடகைக்குக் கிடைக்குமா என்று போனில் தேடுவார். இரண்டும் அப்புறம். முதலில் நீங்கள் அரங்கத்தின் பத்தாவது வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு, மேடையில் நிற்கும் நண்பரை ஒரு மேசைமேல் பகடையை உருட்டச் சொல்லுங்கள். கேசினோ பகடை ஒரு பக்கத்துக்குச் சுமார் 19 மில்லிமீட்டர்தான். விழுந்தது நான்கா ஐந்தா என்பது இருக்கட்டும், பகடை எங்கே விழுந்தது என்பதே உங்களுக்குத் தெரியாது. சீட்டும் அப்படித்தான், ரூலட் பந்தும் அப்படித்தான். சினிமாவில் கேமரா கிட்டே போய்க் காட்டிவிடும். மேடையில் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை.

கேசினோ காட்சி போடுவதில் பாதிக்கு மேல் இந்த ஒரு சிக்கலைச் சமாளிப்பதுதான். ஆட்டத்தின் முடிவு பார்வையாளருக்கு யார் வாயால், யார் முகத்தால், எந்தச் சத்தத்தால் போய்ச் சேரப்போகிறது? இதை முடிவு செய்துவிட்டால் துணி, சக்கரம், விளக்கு எல்லாம் தானாக இடத்தில் வந்து உட்காரும். இதை விட்டுவிட்டு என்ன செலவு செய்தாலும் பத்தாவது வரிசைக்காரர் பக்கத்தில் இருப்பவரிடம் "ஜெயிச்சாரா, தோத்தாரா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

முதல் வேலை பென்சிலோடு

ஸ்கிரிப்டை எடுத்து, சூதாட்டம் வருகிற ஒவ்வொரு இடத்திலும் மூன்று கோடு போடுங்கள். பந்தயம் வைக்கிற இடம், காத்திருக்கிற இடம், முடிவு தெரிகிற இடம். மூன்றாவது கோட்டுக்குப் பக்கத்தில், அந்த முடிவைப் பார்வையாளருக்குச் சொல்பவர் யார் என்று எழுதுங்கள். நல்ல நாடகாசிரியர்கள் இதை ஏற்கெனவே யோசித்து வைத்திருப்பார்கள்.

'கைஸ் அண்ட் டால்ஸ்' மியூசிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 நவம்பரில் பிராட்வேயில் தொடங்கி 1,200 காட்சிகள் ஓடியது, இசையும் பாட்டும் ஃபிராங்க் லெஸர். நியூயார்க் சூதாடிகள் சாக்கடைச் சுரங்கத்துக்குள் ஒளிந்து கிராப்ஸ் என்ற பகடை ஆட்டம் ஆடுகிறார்கள். ஸ்கை மாஸ்டர்சன் அங்கிருக்கும் அத்தனை பேரோடும் பந்தயம் கட்டுகிறான்: தோற்றால் ஆளுக்கு ஆயிரம் டாலர் கொடுப்பான், ஜெயித்தால் எல்லோரும் கிறிஸ்தவ மிஷன் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும். பாடி, குலுக்கி, பகடையை வீசுகிறான், அதோடு விளக்கு அணைகிறது. என்ன எண் விழுந்தது? மேடையில் யாரும் சொல்வதில்லை. சூதாடிகள் வேண்டாவெறுப்பாக மிஷனுக்கு வந்து சேருகிறபோதுதான் ஸ்கை ஜெயித்தது நமக்கு உறுதியாகிறது. அதாவது முடிவைச் சொல்வது பகடை இல்லை, அந்த ஆட்கள் நடந்து வருகிற விதம்.

அதே சாக்கடைக் காட்சியில் சிகாகோவிலிருந்து வந்த பிக் ஜூல் என்ற முரடன் புள்ளியே இல்லாத பகடைகளை எடுத்து நீட்டுகிறான். ராசிக்காகப் புள்ளியை எடுத்துவிட்டானாம், ஆனால் எந்தப் புள்ளி எங்கே இருந்தது என்று அவனுக்கு ஞாபகம் இருக்கிறதாம். சிரிப்புக்காக எழுதியதுதான். ஆனால் மேடையில் உருளுகிற எல்லாப் பகடையும் பிக் ஜூல் பகடைதான், அதில் ஒன்றும் இல்லை, எண் முழுக்க உருட்டுகிறவன் வாயில்தான் இருக்கிறது.

ஆப்பராக்காரர்கள் இதில் இன்னும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். சைக்கோவ்ஸ்கியின் 'இஸ்பேட் ராணி' (1890) கடைசிக் காட்சியில் ஹெர்மன் மூன்று, ஏழு என்று இரண்டு சீட்டில் ஜெயித்து, மூன்றாவதாகத் தன் கையில் இருப்பது ஏஸ் என்று அறிவிக்கிறான். இல்லை, அது இஸ்பேட் ராணி என்று எதிரில் ஆடுகிறவர் சொல்லித்தான் அவனுக்கே தெரிகிறது, நமக்கும் தெரிகிறது. புச்சினியின் 'பொன்விளையும் மேற்கின் பெண்' (1910) இரண்டாம் அங்கத்தில் மின்னி தன் காதலனுக்காக ஷெரிஃப் ஜாக் ரான்ஸோடு போக்கர் ஆடுகிறாள். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிப்பவருக்கு வெற்றி. கடைசி ஆட்டத்தில் மயக்கம் வருவதுபோல நடித்து, அவன் பாட்டிலைத் தேடப் போனதும் காலுறைக்குள் ஒளித்து வைத்திருந்த சீட்டுகளை எடுத்து மாற்றிக்கொண்டு, மூன்று ஏஸும் ஒரு ஜோடியும் என்று அறிவிக்கிறாள். இங்கே பார்வையாளர் பார்க்க வேண்டியது சீட்டை அல்ல, ஒளித்த கையை. ஆட்டம் நடக்கும்போது ஆர்கெஸ்ட்ரா கிட்டத்தட்ட அடங்கிப்போய் அடித்தளத்தில் ஒரு துடிப்பாக மட்டும் கேட்கும். அதனால் சீட்டை மாற்றுகிற கை தனியாகத் தெரிய வேண்டும், அவசரப்பட்டுச் செய்தால் காட்சியே போச்சு.

நமக்கும் இது புதிதில்லை. சூத்ரகரின் 'மிருச்சகடிக'த்தில் (பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கியது) பத்துப் பொன் தோற்றுவிட்டு ஓடிவருகிற ஒரு சூதாடி, கால்தடம் குழப்புவதற்காகப் பின்பக்கமாகவே நடந்து பாழடைந்த கோயிலுக்குள் போய் சிலைபோல நின்றுகொள்கிறான். துரத்தி வந்தவர்கள் ஆளைக் காணோம் என்று அங்கேயே உட்கார்ந்து ஆட ஆரம்பிக்கிறார்கள். காய் உருளுகிற சத்தம் கேட்டதும் சிலைக்குக் கை துறுதுறுக்கிறது. இந்தக் காட்சியில் பகடையை யாரும் பார்க்கவே தேவையில்லை, சத்தமும் ஒரு ஆளின் உடம்பும் போதும். சூதாட்டக் காட்சிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

எதைத் தேர்ந்தெடுப்பது, அனுமதி யாரிடம்

முதல்முறை என்றால் பெரிய மியூசிக்கலில் கைவைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கோகோலின் 'சூதாடிகள்' அருமையான ஆரம்பம். ஒரு சத்திரத்து அறை, ஒரு மேசை, எல்லாம் ஆண் பாத்திரங்கள். இஹாரெவ் என்ற ஏமாற்றுக்காரன் தானே குறியிட்டுத் தயாரித்த சீட்டுக்கட்டுக்கு 'அடிலாய்தா இவானோவ்னா' என்று பெண்பிள்ளைப் பேர் வைத்துச் செல்லம் கொஞ்சுகிறான், கடைசியில் அவனைவிடப் பெரிய கூட்டத்திடம் மொத்தமாக ஏமாறுகிறான். பழைய ரஷ்ய நாடகம் என்பதால் மூலத்துக்கு உரிமைப் பிரச்சினை இல்லை, ஆனால் யாராவது சமீபத்தில் செய்த மொழிபெயர்ப்பை எடுத்தால் மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டாக வேண்டும். இரண்டே நடிகர்கள்தான் இருக்கிறார்கள் என்றால் டி. எல். கோபர்னின் 'ஜின் கேம்' பாருங்கள், முதியோர் இல்லத்தில் இரண்டு பேர் சீட்டாடுகிறார்கள், 1978ல் புலிட்சர் பரிசு வாங்கியது. ஒவ்வொரு ஆட்டமும் அந்த அம்மாவே ஜெயிப்பதும் பெரியவருக்கு ஆத்திரம் ஏறுவதும்தான் நாடகம்.

கேசினோவேதான் வேண்டும், பாட்டும் வேண்டும் என்றால் 'லக்கி ஸ்டிஃப்' (1988) சின்னக் குழுவுக்குச் சரிப்படும். ஆங்கிலேயச் செருப்புக்கடைப் பையன் ஒருவன் ஆறு மில்லியன் டாலர் சொத்துக்காக இறந்துபோன மாமாவின் உடலை சக்கர நாற்காலியில் வைத்து மொனாக்கோவின் மான்டி கார்லோவுக்கு உல்லாசப் பயணம் கூட்டிப்போகிறான். பிணமும் கேசினோவுக்கு வருகிறது. இதற்கும் 'கைஸ் அண்ட் டால்ஸு'க்கும் உரிமம் தருவது மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் நிறுவனம். நடிகர் தேர்வுக்கு முன்னாலேயே விண்ணப்பித்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் பாட்டை வெட்டுவது, ஊரை மாற்றுவது, வசனத்தைத் தமிழாக்குவது எதுவும் கூடாது. கல்லூரி விழாதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது, மறுநாளே யூடியூபில் வந்துவிடும்.

எந்த ஊர், எந்த வருடம், என்ன ஆட்டம்

புதியவர்கள் சறுக்குகிற இடம் இது. கேசினோ என்றதும் லாஸ் வேகாஸ் நியான் விளக்குதான் மனதில் வரும், அதை எல்லா நாடகத்துக்கும் ஒட்டிவிடுவார்கள். 'கைஸ் அண்ட் டால்ஸில்' கேசினோ மேசையே கிடையாது! அங்கே சூதாட்டம் சட்டவிரோதம், போலீஸ் துரத்தத் துரத்த இடம் மாறிக்கொண்டே இருக்கிற ஆட்டம், அந்த ஆட்டத்தை நடத்துகிற நேதன் டெட்ராய்ட் ஒரு கராஜை வாடகைக்குப் பிடிக்க ஆயிரம் டாலருக்குத் திண்டாடுகிறான் என்பதுதானே கதையின் தொடக்கமே. அங்கே பளபளவென்று பச்சை மேசையும் ஆட்டத்தை நடத்துகிற டீலரும் வந்துவிட்டால் கதை படுத்துவிடும். வெறும் தரை, ஒரு குழாய், ஒரு சுவர், அதில் பட்டுத் திரும்புகிற பகடை, அவ்வளவுதான் செட். லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடாவில் சூதாட்டம் சட்டப்படி ஆனது 1931ல், அட்லான்டிக் சிட்டியில் முதல் கேசினோ திறந்தது 1978ல். உங்கள் நாடகத்தின் வருடத்தை இதோடு வைத்துப் பார்த்தால் காட்சி ஒளிந்து நடக்கிறதா, ஜொலித்துக்கொண்டு நடக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

மான்டி கார்லோ என்றால் அது வேறு உலகம். அந்தக் கேசினோ கட்டடத்துக்குள்ளேயே ஒரு ஆப்பரா அரங்கம் இருக்கிறது. பாரிஸ் ஆப்பராவைக் கட்டிய சார்ல் கார்னியே வடிவமைத்து 1879ல் திறந்தது. சூதாட்ட மேசையும் நாடக மேடையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இடம் என்பதால், அங்கே நடக்கிற காட்சிக்குத் தங்கப்பூச்சு, பெரிய சாண்டிலியர், மெதுவான நடை, தாழ்ந்த குரல் பொருந்தும். அங்கே ரூலட் சக்கரத்தில் ஒரே ஒரு சுழிதான், 0 முதல் 36 வரை 37 குழிகள். அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைச் சுழி (00) சேர்ந்து 38. மான்டி கார்லோ காட்சியில் மேசைத் துணியில் இரட்டைச் சுழி வரைந்து வைத்தால், தெரிந்த ஒரு ஆள் கடைசி வரிசையில் இருந்தாலும் நாடகம் முடிந்ததும் வந்து அதைத்தான் சொல்வார்.

சீட்டிலும் இதே கதை. இப்போது எல்லோருக்கும் தெரிந்த போக்கர் டெக்சாஸ் ஹோல்டெம், ஆளுக்கு இரண்டு சீட்டும் நடுவில் ஐந்தும். அது லாஸ் வேகாஸுக்கே 1960களில்தான் வந்தது. 1947ல் அரங்கேறிய டென்னசி வில்லியம்ஸின் 'ஆசை என்னும் தெருவண்டி'யில் கடைசி வசனமே இது ஏழு சீட்டு ஸ்டட் ஆட்டம் என்கிறது. நடுவில் பொதுச் சீட்டே இல்லாத அந்த ஆட்டத்துக்கு நடுமேசையில் ஐந்து சீட்டைப் பரப்பி வைத்தால் எப்படி?

நம்மூர் நடிகர்களிடம் ஒரு தனிப் பிரச்சினை உண்டு. தீபாவளிக்குத் தீபாவளி ரம்மி ஆடிப் பழகிய கை, எந்தச் சீட்டைக் கொடுத்தாலும் விசிறிபோல விரித்து நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கும். பழைய ஐந்து சீட்டு போக்கருக்கு அது சரி. ஹோல்டெம் ஆடுகிறவர் சீட்டை மேசையிலிருந்து எடுக்கவே மாட்டார், உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு ஓரத்தை மட்டும் நிமிர்த்திப் பார்ப்பார். இந்த ஒரு கைப்பழக்கத்தை மாற்ற ஒரு வாரம் ஒதுக்குங்கள். அப்புறம், சினிமாவில் "உன் நூறு, அதுக்கு மேல..." என்று நிறுத்தி, மெதுவாக இன்னொரு அடுக்கைத் தள்ளுவார்களே, நிஜ கேசினோவில் அதற்கு அனுமதி கிடையாது, கூட்டுகிறதை ஒரே தடவையில் சொல்லிவிட வேண்டும். நாடகத்தில் இருந்தால் விடுங்கள், நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

மேசையும் முதுகும்

மேசையைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்தால் பாதிப் பேர் முதுகைக் காட்டுவார்கள். போக்கர் மேசைக்குப் பழைய தீர்வு, பார்வையாளர் பக்கம் இருக்கும் நாற்காலியைக் காலியாக விடுவது. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக உட்கார்ந்து கல்யாணப் பந்திபோல ஆகிவிடாமல் இருக்க, ஓரத்து இருவரைக் கொஞ்சம் திருப்பி உட்காரவையுங்கள். அதைவிட நல்லது, யார் முகம் முக்கியமில்லையோ அவரை முதுகு காட்டி உட்காரவைத்து, தேவையான நேரத்தில் எழுந்து சரக்கு ஊற்றப் போகவைப்பது. அவர் எழுந்ததும் எதிரில் இருப்பவர் முகம் திறந்துகொள்ளும். அந்த இடத்தில்தான் முடிவு தெரிய வேண்டும்.

பிளாக்ஜாக் மேசை அரைவட்டம், டீலர் ஒரு பக்கம், ஆடுபவர்கள் எதிர்ப்பக்கம். டீலரை மேடையின் பின்பக்கம் நிறுத்தினால் ஆடுபவர் எல்லோருக்கும் முதுகுதான். மேசையைக் கால்வட்டம் திருப்பி டீலரைப் பக்கவாட்டில் நிறுத்துங்கள், இரண்டு ஆட்டக்காரர் போதும். கிராப்ஸ் மேசை நிஜத்தில் 12 முதல் 14 அடி நீளம், தொட்டிபோல விளிம்பு உயர்ந்தது, வேலை பார்க்கவே நான்கு பேர். சின்ன மேடையில் அதை முழுசாக வைத்தால் நடிகர்கள் இடுப்புக்குக் கீழே காணாமல் போவார்கள். பாதி மேசை செய்யுங்கள், பார்வையாளர் பக்க விளிம்பையே எடுத்துவிடுங்கள். தரையில் உருட்டுகிற ஆட்டம் என்றால் எல்லோரும் குனிந்து தலையைக் காட்டுவார்கள் என்பதால் ஆட்களை மூன்று உயரத்தில் வைக்க வேண்டும்: ஒருவர் மண்டியிட்டு, இருவர் குந்தி, மற்றவர்கள் நின்று. 2023ல் லண்டன் பிரிட்ஜ் தியேட்டரில் நிக்கோலஸ் ஹைட்னர் 'கைஸ் அண்ட் டால்ஸ்' போட்டபோது நின்று பார்க்கிற கூட்டத்துக்கு நடுவில் மேடைப் பலகைகளே ஏறி இறங்கின, நடிகர்கள் எந்தக் கோணத்திலிருந்தும் தெரிந்தார்கள். நமக்கு அவ்வளவு வசதி இல்லை, இரண்டு பழைய மரப்பெட்டி போதும்.

மேசையின் பின்பக்கக் கால்களை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தினால் மேல்தளம் பார்வையாளர் பக்கம் சரியும், துணியும் சிப்ஸ் (காசுக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கிற வட்ட வில்லைகள்) அடுக்கும் கீழ்வரிசைக்குக்கூடத் தெரியும். ஆனால் வைத்தது எல்லாம் வழுக்கும். அதனால்தான் அடுத்த விஷயம்.

சிப்ஸ், சீட்டு, பகடை

சிப்ஸ் அடுக்குகளைப் பசை போட்டு ஒட்டிவிடுங்கள். இருபது சிப்ஸ் கொண்ட தூண், பத்து கொண்ட தூண், ஐந்து கொண்ட தூண் என்று செய்து அடியில் கொஞ்சம் வெல்க்ரோ ஒட்டினால் சரிந்த மேசையில் நிற்கும், தள்ளினால் நகரும். கையில் உருட்டி விளையாட மட்டும் ஆளுக்கு மூன்று நான்கு தனிச் சிப்ஸ் போதும். கீழே விழுந்து உருண்ட சிப்ஸ்மேல் நடனக்காரர் கால் வைத்தால் கணுக்கால் போய்விடும், நான் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை. நிறங்களுக்கு அமெரிக்காவில் பொதுவான வழக்கம் உண்டு: வெள்ளை 1 டாலர், சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100, ஊதா 500. ஏழை பாத்திரத்தின் முன்னால் கறுப்பு மலையாகக் குவிந்திருக்கக் கூடாது. பார்வையாளருக்கு விலை தெரியாவிட்டாலும், காட்சி போகப்போக சிவப்பு குறைந்து கறுப்பு ஏறுவது தெரியும்.

நோட்டு தேவைப்பட்டால் பொம்மை நோட்டுதான். இந்திய ரூபாயைக் கலர் ஜெராக்ஸ் எடுப்பது சட்டப்படி குற்றம், நாடகத்துக்குத்தான் என்று சொன்னாலும் எடுபடாது.

சீட்டுக்கட்டை எழுதப்பட்ட வரிசையில் அடுக்கி வைக்க வேண்டும், கலைப்பது பொய்க் கலைப்பாக இருக்க வேண்டும். மேலிருந்து எத்தனாவது சீட்டு யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி, மேடைக்குப் போகும் பொருள்களை அடுக்கி வைக்கிற பொருள் மேசையில் ஒட்டுங்கள். யாருக்கும் தெரியாத சீட்டுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பீர்கள். பார்வையாளருக்கு அல்ல, நடிகருக்கு. தோற்கிற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயித்த முகம் காட்ட நல்ல நடிகருக்கே இரண்டு நொடி தடுமாறும். அந்த இரண்டு நொடி தெரியும்.

பகடையை நிஜமாக உருட்டி அதன்படி நடிப்போம் என்று உற்சாகமான ஒரு இயக்குநர் எப்போதும் கிளம்புவார். வேண்டாம். பகடை வீசுகிற திசை விங் (மேடையின் பக்கவாட்டு மறைவிடம்) பக்கமோ மேசைத் தொட்டிக்குள்ளோ இருக்கட்டும், அங்கே அடியில் ஒரு துண்டு கம்பளம். நடனத்துக்கு நடுவே வீசுவது என்றால் கையில் பகடையே இல்லாமல் வீசி, சத்தத்தை மட்டும் ஒலிப்பெட்டியிலிருந்து கொடுங்கள், யாருக்கும் தெரியாது.

எண் விஷயத்தில் மட்டும் கணக்கு சரியாக இருக்கட்டும். கிராப்ஸில் முதல் உருட்டில் 7 அல்லது 11 விழுந்தால் ஜெயிப்பு, 2, 3, 12 விழுந்தால் தோல்வி, வேறு எண் விழுந்தால் அதுவே 'பாயின்ட்', மறுபடி அந்த எண் விழுவதற்குள் 7 விழுந்துவிட்டால் போச்சு. ஆக, ஒரே 7 முதல் உருட்டில் கொண்டாட்டம், பிறகு சாவு. இது குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டத்தில் நாலு பேர் தப்பான இடத்தில் கைதட்டுவார்கள்.

ரூலட்: எட்டு எண்ணிக்கை ஒத்திகை

நிஜச் சக்கரம் கிட்டத்தட்ட 80 செ.மீ. குறுக்களவு, கனம், விலை. மேல்மாடி இருக்கை இல்லாத அரங்கம் என்றால் சக்கரமே வேண்டாம், உயரமான விளிம்புள்ள ஒரு வட்டப் பெட்டி போதும். மேல்மாடி இருந்தால் மட்டும் உள்ளே ஏதாவது சுற்ற வேண்டும். மற்றதெல்லாம் ஆட்களால் செய்வது.

இப்படிச் சொல்லிக்கொடுங்கள். எட்டு வரை எண்ண வேண்டும். ஒன்று: குரூப்பியர் (ரூலட் மேசையை நடத்துகிறவர்) மணிக்கட்டைச் சுண்டுகிறார், பந்து ஓடுகிற சத்தம் தொடங்குகிறது. இரண்டு, மூன்று, நான்கு: எல்லார் கையும் மேசைமேல், கடைசி நேரச் சிப்ஸ் வைக்கிறார்கள், ஒருவர் வைத்ததை நகர்த்துகிறார், ஒருவர் இன்னொருவர் தோளுக்கு மேல் எட்டி வைக்கிறார். ஐந்து: குரூப்பியர் உள்ளங்கையை மேசைக்கு மேல் ஒரு வீச்சு வீசி "ரியன் ந வா ப்லு" என்கிறார், இனி யாரும் வைக்க முடியாது என்று பொருள். அந்த நொடியில் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் பின்வாங்க வேண்டும். ஒரு கை மட்டும் கொஞ்சம் தாமதமாகப் போகட்டும், அது கதாநாயகன் கை. ஆறு, ஏழு: யாரும் அசையவில்லை, கண் மட்டும். எட்டு: டக்கென்று பந்து குழியில் விழுகிற சத்தம்.

இதற்குப் பிறகுதான் நிஜமான நாடகம். குரூப்பியர் குனிந்து பார்க்கிறார், ஒரு மூச்சு விடுகிறார், சொல்கிறார்: "23, சிவப்பு, ஒற்றை, மேல்பாதி." பிறகு ஜெயித்த எண்மேல் ஒரு சின்ன அடையாளக் கட்டையை வைக்கிறார். அந்தக் கட்டையை எடுக்கும்வரை யாரும் புதிதாகப் பந்தயம் வைக்கக் கூடாது. அடுத்து தோற்றவர்களின் சிப்ஸ் அத்தனையையும் வாரி எடுக்கிறார். கவனியுங்கள், முதலில் தோற்றவர்களுடையது, அதற்கப்புறம்தான் ஜெயித்தவருக்குக் கொடுப்பது. ஆக, மேசை முழுக்கக் காலியாகி ஒரே ஒரு அடுக்கு மட்டும் தனியாக நிற்கிற ஒரு கணம் இயல்பாகவே வரும். பத்தாவது வரிசைக்கும் அது தெரியும். நீங்கள் காசு கொடுத்து வாங்க முடியாத காட்சி அது, தயவுசெய்து வாரும் வேலையை அவசரப்படுத்தாதீர்கள்.

வசனத்தில் எண் மாற்றினால் நிறத்தையும் சரிபாருங்கள். 1 முதல் 10 வரையும் 19 முதல் 28 வரையும் ஒற்றை சிவப்பு, இரட்டை கறுப்பு. 11 முதல் 18 வரையும் 29 முதல் 36 வரையும் இது தலைகீழ். 17 சிவப்பு என்று கத்துகிற குரூப்பியரை நான் மன்னிக்க மாட்டேன்.

குரூப்பியராகவும் டீலராகவும் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் வசனம் கிடையாது, அதனால் குழுவில் யார் மிச்சமோ அவரை நிறுத்திவிடுவார்கள். நேர் எதிராகச் செய்யுங்கள், கை சுத்தமான ஆளைப் போடுங்கள். டீலர் யார் கையிலும் நேராகச் சிப்ஸ் கொடுக்க மாட்டார், மேசைமேல் வைப்பார், ஆடுபவர் எடுத்துக்கொள்வார். டீலர் மேசையை விட்டுப் போகும்போது கையை லேசாகத் தட்டி, இரண்டு உள்ளங்கையையும் விரித்துத் திருப்பிக் காட்டுவார், எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று. இந்த ஒரு சைகை போதும், அந்த இடத்தில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகிக்கிறார்கள் என்பது புரிந்துவிடும்.

கூட்டத்தில் நிற்பவர்களுக்கு ஒரே விதி, யாரும் கதாநாயகனைப் பார்க்கக் கூடாது. சூதாடுகிறவனுக்குத் தன் காசுதான் கண்ணில் படும். இதைப் புரோகோஃபியேவ் நன்றாகப் பிடித்திருக்கிறார். தஸ்தயேவ்ஸ்கி கதையை வைத்து அவர் எழுதிய 'சூதாடி' ஆப்பரா (1929ல் பிரஸ்ஸல்ஸில் முதல் மேடையேற்றம்) ரூலட் காட்சியில் ஒரே குரலில் பாடுகிற கோரஸுக்குப் பதில் ஏராளமான தனித்தனிக் குரல்கள் வந்து மோதிக்கொள்ளும். உங்கள் கூட்டத்தில் ஆறு பேர் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு காசோடு வந்தார், இப்போது எவ்வளவு மிச்சம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

விளக்கு, சத்தம்

பச்சைத் துணிமேல் நேராக வெள்ளை விளக்கடித்தால் வெளிச்சம் கீழிருந்து எதிரொளித்து முகமெல்லாம் பச்சையாகிவிடும், எல்லோரும் காமாலைக்காரர் மாதிரி தெரிவார்கள். அடர் சிவப்பு அல்லது மங்கலான நீலத் துணிக்கு மாறலாம், பச்சைதான் வேண்டும் என்றால் பக்கவாட்டு விளக்கைக் கூட்டி மேல் விளக்கைக் குறையுங்கள். மேசைக்கு மேலே தொங்கும் ஒற்றை விளக்கு பார்க்க அழகு, ஆனால் கண்குழி இருண்டுவிடும், முகத்தை நம்பி நடக்கிற காட்சியில் கண் தெரியாவிட்டால் எதற்கு? அந்த விளக்கை அலங்காரத்துக்கு எரியவிட்டு, முகத்துக்கு முன்பக்கத்திலிருந்து தனியாகக் கொடுங்கள்.

சத்தத்தில் காலம் பார்க்க வேண்டும். ஸ்லாட் மெஷினில் காசு சலசலவென்று கொட்டுகிற சத்தம் பழைய வேகாஸ். இப்போது மெஷின்கள் ஜெயித்த தொகை அச்சிட்ட ரசீதைத்தான் துப்புகின்றன, இன்றைய காலத்து நாடகத்தில் நாணய மழை பெய்யக் கூடாது. பின்னணிச் சலசலப்பை முடிவு தெரிகிற நொடிக்கு ஒரு மூச்சு முன்னால் நிறுத்துங்கள். குறைக்க வேண்டாம், நிறுத்துங்கள்.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜிகினா உடையில் தட்டேந்திய பெண்கள் எல்லா கேசினோ காட்சியிலும் வருகிறார்கள், வராமலே இருக்கலாம்.

காட்சி நாளன்று

பொருள் மேசையில் ஒருவரே பொறுப்பு. சீட்டுக்கட்டு ஒவ்வொன்றும் தனி ரப்பர்பேண்டில், எந்த அங்கம் எந்தக் காட்சி என்று எழுதி, அதே வரிசையில் அடுக்கிய உபரிக்கட்டு ஒன்று பக்கத்தில். உபரிப் பகடை இரண்டு ஜோடி, ஒரு ஜோடி விங்கிலேயே. காட்சி முடிந்து இருட்டானதும் சிப்ஸையும் பகடையையும் எண்ணி எடுக்க வேண்டும், எண்ணிக்கை குறைந்தால் அடுத்த நடனத்துக்கு முன்னால் மேடை நிர்வாகிக்குச் சொல்ல வேண்டும், அவர் டார்ச்சோடு தரையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கியூ கொடுப்பார். கிடைக்கவில்லையா, நடிகர்களின் பாக்கெட்டைப் பாருங்கள், முக்கால்வாசி நேரம் அங்கேதான் இருக்கும்.